ஊதா ஒயர்

போன வருஷம் ஏப்ரல் மாதம் என் பேத்தி ஒரு பழைய ஷெவ்ரலே பிக்கப் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு கராஜ் வாசலில் இறக்கினாள். 1970-இல் செய்த சி10. மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு தின்றது போக மீதி இருந்த வண்டி அது. 250 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின் ஜாம் ஆகி வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் சேஸிஸ் நேராக இருந்தது, கேபினும் திடமாக இருந்தது. "அப்புச்சி, இதுக்கு வேற இன்ஜின் வைக்கப் போறேன், நீங்க ஒயரிங் மட்டும் சொல்லிக் குடுங்க" என்றாள். அவளுக்கு அப்போது 22 வயது, படிப்பில் கடைசி வருஷம் பாக்கி.

இரண்டு வாரத்தில் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜினும் கியர்பாக்ஸும் வந்து சேர்ந்தன. பின்னால் இடிபட்டுக் காயலான் கடைக்குப் போன 2002 சில்வராடோ. அவள் பிறந்த வருஷத்து வண்டி. 5.3 லிட்டர் வி8, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். ஜெனரல் மோட்டார்ஸ் இந்த வகை இன்ஜினை 1997 கார்வெட் காரில் முதலில் வைத்தது, 1999 முதல் பிக்கப் வண்டிகளிலும் வைத்தது. லட்சக்கணக்கில் செய்ததால் பழைய வண்டிக் கிடங்குகளில் மலிவாகக் கிடைக்கிறது. பழைய இன்ஜினுக்கு அந்தக் காலக் கணக்கில் 155 குதிரைத்திறன், இதற்கு 285. அமெரிக்காவில் பழைய பிக்கப்பை எடுத்து ஓட்ட நினைக்கும் பிள்ளைகள் பலர் இந்த வழிக்குத்தான் வருகிறார்கள்.

இன்ஜினோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் மூட்டையும் வந்தது. அதற்குள் ஒயரிங் ஹார்னஸ். வண்டிக்குள் ஓடும் ஒயர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றிய கட்டுக்கு அதுதான் பெயர். தரையில் கொட்டியபோது வெட்டிப்போட்ட ஆலம் விழுது மாதிரி கிடந்தது. சி10-இன் பழைய இன்ஜினுக்குப் போன ஒயர்களைப் பத்து விரலுக்குள் எண்ணிவிடலாம். இதில் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரின் இரண்டு கனெக்டரில் மட்டும் 80, 80 ஆக 160 பின்களுக்கு இடம். பழைய வண்டிக்குத் தேவையில்லாத சங்கதிகள் அதில் ஏராளம். தேவையானதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. என் பேத்தி கையில் கட்டிங் பிளேயரோடு உட்கார்ந்தாள்.

"இரு அம்மிணி" என்றேன். "அதை எடுத்து மேஜை மேல வை."

நான் 1979-இல் இந்த ஊருக்கு வந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் கார்களின் ஒயரிங்கை வரைவதுதான் என் பிழைப்பு. ஆனால் கட்டிங் பிளேயரை மேஜை மேல் வைக்கச் சொன்னது இங்கே படித்த பாடம் இல்லை. அது கோயமுத்தூரில் என் தாய்மாமன் பட்டறையில் வாங்கியது.

மாமா மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தார். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் விவசாயிகள் வண்டியில் தூக்கிக்கொண்டு வருவார்கள். எரிந்த காயிலை வெட்டி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்ற வேண்டும். புதிதாகச் சுற்றுவதைப் பார்க்கிறவர்கள் அதுதான் பெரிய வித்தை என்று நினைப்பார்கள். மாமா அந்த வேலையைப் பையன்களிடம் விட்டுவிடுவார். எரிந்ததைப் பிரிக்கும் வேலையை மட்டும் அவரே செய்வார். ஒரு ஸ்லாட்டில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், எந்த ஸ்லாட்டில் நுழைந்து எதில் வெளியே வருகிறது என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிய பிறகுதான் உளியை எடுப்பார். எடுத்த பழைய காயிலையும் எறிய மாட்டார். மோட்டார் தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவிட்டது என்று ஆள் வந்து சொல்லும்வரை அது ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும்.

எனக்கு 15 வயதில் ஒரு நாள், மாமா ஊரில் இல்லாதபோது, ஒரு மோட்டாரை நானே பிரித்தேன். எண்ணாமல் பிரித்தேன். எரிந்த கம்பியைப் பழைய செம்புக்காரனிடம் போட்டுவிட்டேன், பட்டறையைச் சுத்தமாக வைக்கிறேன் என்ற நினைப்பில். மாமா வந்து பார்த்தபோது கையில் வெறும் இரும்புக் கூடுதான் இருந்தது. ஊகித்துச் சுற்றினோம், சூடேறியது. மறுபடி சுற்றினோம். அதற்குள் நான்கு நாள் போய்விட்டது. அந்த விவசாயியின் மஞ்சள் காடு நான்கு நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. மாமா என்னை அடிக்கவில்லை. அந்த ஆளின் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், "இவன்தானுங்க எண்ணாம பிரிச்சவன்" என்று சொல்லி நிறுத்தினார். அந்தத் திண்ணையில் நின்றது எனக்கு இப்போதும் காலில் இருக்கிறது.

ஆகவே கண்ணு, சேர்ப்பதை விட எடுப்பதற்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்று பேத்தியிடம் சொன்னேன். புதிதாக ஒரு விளக்கு மாட்ட வேண்டுமானால் அந்த விளக்கைப் பற்றித் தெரிந்தால் போதும். இருக்கிற ஒரு ஒயரை எடுக்க வேண்டுமானால், அதன் இரண்டு முனையும் எங்கே போகிறது, நடுவில் எங்கெல்லாம் பிரிகிறது, அது இல்லாவிட்டால் யார் யார் பசித்திருப்பார்கள் என்று எல்லாம் தெரிய வேண்டும்.

மூன்று சனி ஞாயிறு நாங்கள் ஒன்றையும் வெட்டவில்லை. கராஜ் தரையில் சாக்பீஸால் இன்ஜின் வடிவம் வரைந்தோம். அதன் மேல் ஹார்னஸை விரித்து, எது எங்கே உட்காருமோ அங்கே வைத்தோம். ஓட்டுநர் பக்கம் முன்னாலிருந்து 1, 3, 5, 7. மறுபக்கம் 2, 4, 6, 8. எட்டு இன்ஜெக்டரின் கனெக்டரும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோலவே இருக்கும், எட்டு இக்னிஷன் காயிலும் அப்படித்தான். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி எண் எழுதினோம். பழைய ஷெவ்ரலே வி8 எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இந்தப் புது வகையில் 1-8-7-2-6-5-4-3. பழையதை மனப்பாடமாக வைத்திருக்கும் கை இங்கே தப்புப் பண்ணும். அனுபவசாலிகள் அதிகம் சறுக்கும் இடம் இது என்பதால் சொல்கிறேன்.

நோட்டு அவள் எழுதினாள். நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன், அவள் தமிழிலேயே எழுதிக்கொண்டாள். ரோஸ் ஒயர், சாவி போட்டால் வரும் 12 வோல்ட். ஆரஞ்சு, எப்போதும் இருக்கும் 12 வோல்ட். சாம்பல், சென்சாருக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் 5 வோல்ட். கறுப்பு, எர்த். வேகம் சொல்லும் சென்சாரின் இரண்டு ஒயர்கள் ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு வரும். மற்ற ஒயர்களின் மின் இரைச்சல் அவற்றில் ஏறாமல் இருக்க அந்தப் பின்னல். பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று அதைப் பிரித்து நேராக்க அவள் கை போனது. தடுத்துவிட்டேன்.

டேப்பைப் பிரிக்கப் பிரிக்கத்தான் உள்ளே இருப்பது தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு ரோஸ் ஒயர் ஃபியூஸிலிருந்து வருகிறது. டேப்புக்குள் ஓரிடத்தில் அது பிரிந்து, ஒரு பக்கத்து நான்கு இன்ஜெக்டருக்கும் தனித்தனியாகப் போகிறது. அந்த ஒட்டின் மேல் பழுப்பு நிறத்தில் பசை காய்ந்து கெட்டியாக இருந்தது. பேத்தி அதை விரலால் தடவிப் பார்த்தாள். "இதை வெட்டியிருந்தா நாலு சிலிண்டர் போயிருக்கும், இல்லையா அப்புச்சி?" என்றாள். வீட்டில் ஒருத்தர் சத்தம் போடாமல் நான்கு பேருக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்து "இவர் என்ன பெரிசாச் செய்கிறார்" என்று கேட்பவர்கள் டேப்பைப் பிரித்துப் பார்த்ததில்லை.

அப்புறம்தான் எடுக்க ஆரம்பித்தோம். வெட்டி எடுப்பதைக் கூடிய மட்டும் தவிர்த்தோம். கனெக்டரின் பூட்டைத் திறந்து, ஊசி மாதிரியான கருவியை நுழைத்து, பின்னின் சிறு நாக்கை அழுத்தினால் ஒயர் முழுசாகக் கையோடு வந்துவிடும். முதல் பின்னுக்கு அவளுக்கு இருபது நிமிஷம் ஆனது. நாக்கு அழுந்தும்போது ஒரு "க்ளிக்" கேட்காது, விரலில் மட்டும் தெரியும். பத்தாவது பின்னுக்குள் அவள் விரல் அதைக் கற்றுக்கொண்டது. இந்தச் சொரணையை எந்தப் புத்தகமும் தராது. இருபது நிமிஷம் உட்காரத் தயாராக இருக்கும் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும்.

எதை எடுத்தோம் என்பதை விட எதை எடுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த இடத்தில்தான் இளைஞர்கள் அவசரப்படுகிறார்கள்.

பெட்ரோல் பம்ப். பழைய கார்புரேட்டர் இன்ஜினுக்கு ஆறேழு பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இதற்கு 58 வேண்டும். சி10-இல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால், உட்காருகிறவரின் முதுகுக்கு ஒரு தகடு தள்ளி இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பின்பக்கம் சேஸிஸுக்கு நடுவில் புது டேங்க் வைத்தோம். பம்புக்கு ஒயர் இழுக்கும்போது பேத்தியின் சிநேகிதப் பையன் ஒருவன், "சாவியில் இருந்து நேரா குடுத்துடலாமே, எதுக்குக் கம்ப்யூட்டர், ரிலே?" என்றான். நல்ல பையன், கெட்டிக்காரன். ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து ரிலேக்குப் போகும் பச்சை வெள்ளை ஒயரின் வேலை அவனுக்குத் தெரியவில்லை. சாவி போட்டதும் கம்ப்யூட்டர் இரண்டு விநாடி மட்டும் பம்பை ஓட்டும். அதற்குமேல் இன்ஜின் சுற்றுவது தெரிந்தால்தான் தொடர்ந்து ஓட்டும். வண்டி எதன் மீதாவது மோதி இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். சாவியிலிருந்து நேராகக் கொடுத்தால், உடைந்த குழாய் வழியாகப் பம்ப் பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கும். ஒரு ரிலேயையும் நான்கு ஒயரையும் மிச்சம் பண்ணுவதற்கு அது விலை. நான் அவனை உட்காரவைத்து இதை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவனே ரிலேயை மாட்டினான்.

எச்சரிக்கை விளக்கு. இன்ஜினில் ஏதோ சரியில்லை என்றால் டாஷ்போர்டில் மஞ்சளாக எரியுமே, அது. பழைய வண்டியில் அதற்கு இடமே கிடையாது என்று பலர் அந்த ஒயரை விட்டுவிடுகிறார்கள். நாங்கள் ஒரு சிறு பல்ப் வாங்கி, ஆஷ்டிரேக்குப் பக்கத்தில் துளை போட்டு மாட்டினோம். ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டையும் அப்படியே வைத்தோம். அதற்கு ஒயர் மிகக் கொஞ்சம். 2-இல் தகவல், 4-லும் 5-லும் எர்த், 16-இல் பேட்டரி. வாய் இல்லாத பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பது கஷ்டம். வயதான காலத்தில் என் சிநேகிதர்கள் சிலர் ரத்தப் பரிசோதனைக்குப் போக மாட்டேன் என்கிறார்கள், ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம். அவர்களிடமும் நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புகை. மிச்சிகனில் வண்டிப் புகைச் சோதனை கிடையாது. கலிஃபோர்னியாவாக இருந்தால் இன்ஜின் மாற்றுவதற்கே தனி விதிகள் உண்டு. இங்கே கேட்பார் இல்லை என்பதால் சைலன்சர் பக்கமிருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டு ஆக்ஸிஜன் சென்சாரின் ஒயரையும் எடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எட்டு ஒயர் குறையும், ஹார்னஸ் மெலியும். பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். "நம்ம தெருவுல குழந்தைங்க சைக்கிள் ஓட்டுதுங்க" என்றேன். கன்வெர்ட்டரும் இருக்கிறது, நான்கு சென்சாரும் இருக்கின்றன.

ஆகஸ்ட் முதல் வாரம் சாவி போட்டோம். இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்தது. இரண்டு விநாடியில் செத்தது. மறுபடி போட்டோம், மறுபடி பிடித்தது, மறுபடி செத்தது. பேத்திக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு பழைய வலியும் வந்தது. ஏனென்றால் அந்த இன்ஜினில் குறை ஒன்றும் இல்லை. அது பழைய வண்டியில் இருந்தபோது, திருட்டுப் பயத்துக்காக, பாடிக்குள் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரிடம் அனுமதிச் சொல் கேட்டுத்தான் ஓடும். அந்தப் பாடி காயலான் கடையில் நசுங்கிவிட்டது. இது மட்டும் இங்கே வந்து, இல்லாத வீட்டு ஆளிடம் "ஓடட்டுமா" என்று கேட்டு, பதில் வராமல் பெட்ரோலை நிறுத்திக்கொள்கிறது. கம்ப்யூட்டரின் புரோகிராமில் அந்தக் கேள்வியை நிறுத்திவைத்த பிறகு சமர்த்தாக ஓடியது. 1979-இல் இங்கே வந்த முதல் இரண்டு வருஷம் நான் இப்படித்தான் இருந்தேன். அலுவலகத்தில் ஒரு யோசனையைச் சொல்வதற்கு முன், கோயமுத்தூரில் இருக்கும் யாரோ பெரியவர் தலையாட்ட வேண்டும் என்பது போலக் காத்திருந்து, கூட்டம் முடிந்துவிடும். ஊர் மாறிப் போகும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்களுக்குள் இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எர்த். இன்ஜின் ஓடியது, ஆனால் சூடு காட்டும் அளவு ஹெட்லைட் போட்டால் ஒன்று, அணைத்தால் ஒன்று என்று ஆடியது. இது என் துறை. இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து பாடிக்கும் கனமான எர்த் பட்டை போக வேண்டும். பேத்தி இரண்டையும் போட்டிருந்தாள், ஆனால் சேஸிஸில் அழகாகப் பெயிண்ட் அடித்து, அந்தப் பெயிண்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தாள். இன்ஜினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 0.9 காட்டியது. பெயிண்ட்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, முறுக்கி, அதற்கு மேல் கிரீஸ் தடவினோம். ஆட்டம் நின்றது.

என் வேலையில் நான் பண்ணிய பெரிய தப்பும் எர்த்தில்தான். 1980-களின் நடுவில், ஒரு மாதிரி வண்டியின் ஹார்னஸில், ஒரு எர்த் ஒயர் சுற்றிச் சுற்றிப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்திலேயே ஒரு போல்ட் இருந்தது, அதில் சேர்த்துவிட்டேன். ஒயர் ஒரு மீட்டர் மிச்சம், எல்லோரும் பாராட்டினார்கள். மழை பெய்தால் மட்டும் வரும் ஒரு கோளாறு அதிலிருந்து பிறந்தது. அதைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆனது. முதலில் வரைந்த பெரியவர் அதை ஏன் சுற்றிக் கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை. அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

எடுத்த ஒயர்களில் ஒரு ஊதா ஒயர் இருந்தது. நோட்டில் "பிரேக் சுவிட்ச்" என்று எழுதியிருந்தாள். "பிரேக் லைட்டுக்குப் பழைய வண்டியிலேயே ஒயர் இருக்கே அப்புச்சி, இது வேணுமா?" என்று கேட்டாள். மாலை ஏழு மணி, எனக்கு முதுகு வலி. அவள் சொன்னது நியாயமாகவும் இருந்தது. மறுமுனையைப் பார்க்காமல், "எடுத்துடு கண்ணு" என்றேன்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகள் ஊர்வலம் போகும். 1995-இலிருந்து நடக்கிறது, ஃபெர்ண்டேலில் தொடங்கி பாண்டியாக் வரைக்கும். அதில் ஓட்டினோம், ஒரு குறையும் தெரியவில்லை. செப்டம்பரில் அவள் நெடுஞ்சாலையில் கல்லூரிக்குப் போகத் தொடங்கினாள். மணிக்கு 65 மைல் வேகத்தில் 2000 சுற்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய முள் 2300-இல் நிற்கிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, கியர்பாக்ஸ் ஆயில் சூடாகிறது என்றாள். ஸ்கேனரை மாட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். திரையில் ஒரு வரி, பிரேக் மிதிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டியது. அவள் கால் பிரேக்கில் இல்லை.

ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில்தான் விசையைக் கடத்துகிறது. அதில் கொஞ்சம் வழுக்கல் இருக்கும். நிதானமான வேகம் வந்ததும் உள்ளே ஒரு கிளட்ச் இரண்டையும் பூட்டி வழுக்கலை நிறுத்தும். பிரேக்கை மிதித்தால் அந்தப் பூட்டு விட வேண்டும். அதற்காகத்தான் கம்ப்யூட்டருக்கு அந்த ஊதா ஒயர். மிதிக்காதபோது அதில் 12 வோல்ட் இருக்கும், மிதித்தால் போய்விடும். நாங்கள் ஒயரையே எடுத்துவிட்டதால் 12 வோல்ட் எப்போதும் இல்லை. ஓட்டுகிறவள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறாள் என்று நினைத்து, கம்ப்யூட்டர் ஒரு தடவை கூடப் பூட்டவில்லை. எடுத்த ஒயர்களைப் போட்டுவைத்திருந்த பையிலிருந்து அதே ஒயரை எடுத்து, பிரேக் பெடலில் புது சுவிட்ச் வைத்து மறுபடி சேர்த்தோம். முக்கால் மணி நேர வேலை. வண்டி நெடுஞ்சாலையில் மூச்சு விட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1983-இல் என் மகளுக்கு ஐந்து வயது. பள்ளியில் ஒரு ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், இல்லாவிட்டால் குழந்தை பின்தங்கிவிடுவாள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் என் மனைவியும் ஒரே வாரத்தில் மாறிவிட்டோம். வீட்டில் இன்னொரு மொழி பேசுவதால் குழந்தையின் படிப்பு கெடாது என்று இன்றைக்கு எந்த மொழியியல் ஆளைக் கேட்டாலும் சொல்வார். அன்று நான் யாரையும் கேட்கவில்லை. அந்த ஒயரின் மறுமுனை எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. பல வருஷம் ஒரு குறையும் தெரியவில்லை, மகள் வகுப்பில் முதலாக வந்தாள். 1991-இல் ஊருக்குக் கூட்டிப்போனேன். மறுமுனை அங்கே இருந்தது. என் அம்மா பேத்தியைத் திண்ணையில் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டே ஏதேதோ கேட்டார். 13 வயதுப் பெண் சிரித்தாள், தலையாட்டினாள். அப்பத்தாவுக்கும் பேத்திக்கும் நடுவில் அந்த மத்தியானம் முழுக்க ஒரு வாக்கியம் கூடப் போகவில்லை. அடுத்த வருஷம் அம்மா இறந்துவிட்டார்.

என் மகள் என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தன் பெண்ணைப் பிறகு அவளே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பத்து வருஷம் காரில் கொண்டுபோய் விட்டாள். பாடம் முடியும்வரை வெளியே காரில் உட்கார்ந்திருப்பாள். வெட்டிய ஒயரை ஒட்டலாம். ஒட்டின இடம் கையில் தடவினால் தெரியும், பேத்தியின் பேச்சிலும் அது தெரிகிறது. ஆனால் மின்சாரம் போகிறது. "இவ்வளவு நாள் கழிச்சு எதுக்கு" என்று யோசிக்கும் பெற்றோர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

இளைய பிள்ளைகளுக்கு: உங்களிடம் வந்து சேரும் எல்லாவற்றையும் அப்படியே சுமக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நாங்கள் அந்த ஹார்னஸிலிருந்து 31 ஒயரை எடுத்தோம். பெரும்பாலும் அந்த வண்டிக்குத் தேவையில்லாதவை. வரதட்சணையையும், இன்னார் வீட்டில் சாப்பிடக் கூடாது என்பதையும் எங்கள் குடும்பத்தில் என் தலைமுறை எடுத்தது. அவற்றின் இரண்டு முனையையும் நன்றாகப் பார்த்துத்தான் எடுத்தோம். எடுங்கள். ஏழு மணிக்கு, முதுகு வலியோடு எடுக்காதீர்கள். அதை வைத்தவர் பக்கத்து அறையில் இருந்தால் போய்க் கேளுங்கள்.

எடுத்த ஒயர்களை எண் போட்டு ஒரு துணிப்பையில் போட்டு கராஜில் ஆணியில் மாட்டியிருக்கிறோம். ஊதா போக 30 இருக்கின்றன. வரும் கோடையில் வண்டிக்கு ஏசி வைக்க வேண்டும் என்கிறாள் பேத்தி. அதற்கான இரண்டு ஒயரும் அந்தப் பையில்தான் இருக்கின்றன, 14-ம் 15-ம்.